கடைசிப் பொத்தான் வரை

எந்த இணைய விண்ணப்பமாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். மேலே கொடுத்த விவரங்கள் யாவும் உண்மை, தவறெனத் தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கும் சட்ட நடவடிக்கைக்கும் உடன்படுகிறேன் என்ற பொருளில் இரண்டு வரியும், பக்கத்தில் டிக் செய்ய இடமும். பார்வை உள்ளவர்கள் பலரும் அதைப் படிக்காமலே டிக் செய்துவிட்டுப் போகிறார்கள். நினைத்தால் திரும்ப மேலே போய் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியும் என்பதால் அவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. பார்வையற்ற ஒருவரின் நிலை வேறு. விண்ணப்பத்தைத் தன் கணினியில் தானே நிரப்ப முடியாமல், தெருமுனை பிரவுசிங் சென்டரில் இருப்பவரிடம் சொல்லி நிரப்பச் செய்கிறார். பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தாலோ, வகுப்புப் பிரிவு தவறாகத் தேர்வாகியிருந்தாலோ அவருக்குத் தெரிய வழியில்லை. டிக் செய்தது வேறொருவர் கை. பொறுப்பு மட்டும் அவருடையது. வங்கிக் கணக்கு எண், ஆதார், வருமானம், நோய் விவரம், கைபேசிக்கு வரும் ஓடிபி எல்லாம் இந்த வழியில் இன்னொருவர் கண்ணில் பட்டுவிடுவது தனிக் கணக்கு.

இதை யாராவது கூடமாட உதவினால் தீர்ந்துவிடும் சங்கடமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. உண்மையில் இது படிவத்தைக் கட்டியவர் விட்ட பிழை. அதைக் காசு கொடுத்து வாங்கியவர் கவனிக்காமல் வாங்கிய பிழையும்கூட. ஆகவே தீர்வையும் வாங்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு படிவம் எல்லாருக்கும் திறந்திருக்கிறதா என்பதற்கு நம்பத்தக்க சோதனை ஒன்றுதான். திரையில் இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை மட்டுமே நம்பி இருப்பவர் யார் துணையும் இன்றி முதல் கட்டத்தில் தொடங்கி, ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தி, ஒப்புகைச் சீட்டைப் பெற முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரருக்கு அந்த வேலைக்கான பணம் போகக் கூடாது. படிவம் மக்கள் பயன்பாட்டுக்கும் வரக் கூடாது.

கருவி இல்லாத காலம் எப்போதோ போய்விட்டது. ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்களில் பிரபலமான ஜாஸ், டாஸ் காலத்திலேயே, 1989இல் வந்துவிட்டது. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் அதை உருவாக்கினார். அதன் விலை இந்தியர் பலருக்கு எட்டாமல் இருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டே கைகோத்து வளர்த்த என்விடிஏ அந்தத் தடையையும் நீக்கியது. இருவருமே பார்வையற்றவர்கள், மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று வாங்கும்போதே உள்ளே வருகின்றன. இவற்றைக் கொண்டு நிரல் எழுதுபவர்கள், வழக்காடுபவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களே ஒரு சான்றிதழ் விண்ணப்பத்தின் முன் தடுமாறுகிறார்கள் என்றால், குறை அவர்களுடைய பயிற்சியில் இருக்க முடியாது.

ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் அடியில் இருக்கும் நிரலைப் படிக்கிறது. ‘தந்தை பெயர்’ என்ற சொல் ஒரு பெட்டிக்கு இடப்பக்கம் அச்சாகியிருந்தால் கண்ணுள்ளவர் இரண்டையும் தாமே சேர்த்துக்கொள்வார். மென்பொருளுக்கு அந்த உறவை நிரலில் சொல்ல வேண்டும். அதற்கான ‘லேபிள்’ என்ற குறி 1997இல் வெளியான எச்டிஎம்எல் நான்காம் பதிப்பிலேயே இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் கேட்பவருக்கு ‘எடிட், காலி’ என்று மட்டும் ஒலிக்கும், அடுத்த பெட்டியும் ‘எடிட், காலி’, அதற்கடுத்ததும் அதுவே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழைய இந்த எளிய வேலைகூட எவ்வளவு நடக்கிறது? வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதிக்கிறது. 2024 முடிவின்படி 95.9 விழுக்காட்டுப் பக்கங்களில் இணைய அணுகலுக்கான சர்வதேசத் தரநிலைக்கு முரணான குறைகள் இருந்தன, 48.6 விழுக்காட்டில் லேபிள் இல்லாத பெட்டிகள் இருந்தன. முகப்புப் பக்கத்தில் என்ன பெரிய படிவம் இருந்துவிடப் போகிறது? ஒரு தேடல் பெட்டி, மிஞ்சிப்போனால் மின்னஞ்சல் கேட்கும் ஒரு பெட்டி. அதிலேயே பாதி இப்படி என்றால், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போன பிறகு வரும் எட்டுப் பக்க விண்ணப்பங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அந்த உள்பக்கங்களை இப்படி மொத்தமாக யாரும் அளப்பதில்லை.

லேபிள் என்பது வாசல்படி மட்டும்தான். சிக்கலான படிவங்களின் உண்மையான தொல்லைகள் அதைத் தாண்டி வருகின்றன. கணினியில் ஸ்கிரீன் ரீடர் இரண்டு நிலைகளில் இயங்குகிறது: பக்கத்தை வரிவரியாகப் படிப்பது ஒன்று, பெட்டிகளில் தட்டச்சு செய்வது இன்னொன்று. நிரப்பத் தொடங்கியவர் டேப் விசையை அழுத்தி ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவுவார். இடையில் எழுதியிருக்கும் விளக்கம் அப்போது காதில் விழாது. ‘பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதவும், முதலெழுத்தை இறுதியில் போடவும்’ என்ற குறிப்பு இரு பெட்டிகளுக்கு நடுவே பத்தியாகக் கிடந்தால், விண்ணப்பிப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம். குறிப்பைப் பெட்டியோடு நிரலில் இணைத்துவிட்டால் பெயர் கேட்கும்போதே அதுவும் சேர்ந்து ஒலிக்கும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற வட்டப் பொத்தான்களும் அப்படித்தான். கேள்வியோடு அவற்றை ஒரு குழுவாகக் கட்டாவிட்டால் வெறும் ‘ஆம்’ காதில் விழும். எதற்கு ஆம் என்பது விழாது. ‘உங்கள் மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்ற கேள்விக்கும் ‘முன்னாள் இராணுவத்தினரா’ என்ற கேள்விக்கும் இடையில் இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நம்முடைய விண்ணப்பங்களுக்கே உரிய வேறு சில கண்ணிகளும் உண்டு. மாநிலத்தைத் தேர்ந்தால் மாவட்டம், மாவட்டத்தைத் தேர்ந்தால் வட்டம், பிறகு கிராமம் என்று ஒன்றையொன்று சார்ந்த பட்டியல்கள். விசைப்பலகையால் பட்டியலில் இறங்கும்போது, ‘அரியலூர்’ என்ற முதல் பெயரைத் தொட்டவுடனேயே பக்கம் தன்னை மறுபடி ஏற்றிக்கொண்டு மேலே போய்விடும் படிவங்கள் இருக்கின்றன. அதில் விழுப்புரத்துக்காரர் தன் ஊருக்குப் போய்ச் சேர்வது எப்போது? பிறந்த தேதிக்குக் குட்டி நாள்காட்டி ஒன்று திறக்கும். சுட்டியால் சொடுக்க மட்டுமே அது பழகியிருக்கும். தட்டச்சு செய்ய விடாது. பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் கையேடு பிறந்த தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என மூன்று எளிய பெட்டிகளைத்தான் பரிந்துரைக்கிறது, ஏனென்றால் தன் பிறந்த நாளை அறிந்துகொள்ள யாருக்கும் நாள்காட்டி தேவைப்படுவதில்லை. பிழைகளைச் சுட்டிக்காட்டும் விதம் இதைவிட மோசம். ‘சமர்ப்பி’யை அழுத்தியதும் எங்கோ ஒரு பெட்டியின் ஓரம் சிவப்பாகும். காதுக்கு ஒன்றும் வராது. மறுபடி அழுத்துவார், மறுபடி மௌனம். அதே பிரிட்டன் கையேட்டின்படி பிழைகளின் பட்டியல் பக்கத்தின் தலையில் வரும், ஸ்கிரீன் ரீடரின் கவனம் உடனே அங்கே நகரும், ஒவ்வொரு பிழையும் உரிய பெட்டிக்கு அழைத்துச் செல்லும் இணைப்பாகவும் இருக்கும். இதன் நிரல் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

புகைப்படமும் கையொப்பமும் பதிவேற்றும் கட்டம் தனி அத்தியாயம். இத்தனை கேபிக்கு மேல் இத்தனை கேபிக்குள், இத்தனை சென்டிமீட்டர் அகலம், வெள்ளைப் பின்னணி, இரு காதும் தெரிய வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள். கோப்பின் அளவு பொருந்தாவிட்டால் சர்வரே சுருக்கிக்கொள்ளலாம். அது ஒன்றும் அரிய தொழில்நுட்பமில்லை. அந்த வேலையைக் கோடிக்கணக்கான விண்ணப்பதாரர்கள் தலையில் கட்டியிருக்கிறோம். படம் சரியாக ஏறியதா, தலைகீழாக ஏறியதா என்பது முன்னோட்டப் படத்தில் மட்டும் தெரியும்; குரலில் தெரியாது. இதற்கிடையே பக்கத்தின் மூலையில் ஒரு கடிகாரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். காதால் கேட்டு நிரப்புவதற்குக் கண்ணால் பார்த்து நிரப்புவதைவிட அதிக நேரம் ஆகும். நேரம் முடியப்போவதை முன்கூட்டி அறிவித்து, நீட்டித்துக்கொள்ள வழி தர வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. பல படிவங்கள் எச்சரிக்காமல் வெளியே தள்ளி, நிரப்பியதை எல்லாம் அழித்துவிடுகின்றன.

தமிழில் கேட்கும் உரிமையும் இதில் அடக்கம். பக்கத்தில் எந்தப் பகுதி தமிழ், எந்தப் பகுதி ஆங்கிலம் என்று நிரலில் அறிவித்தால், ஸ்கிரீன் ரீடர் தானாகவே தமிழ்க் குரலுக்கு மாறிப் படிக்கும். அறிவிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிட்டு மேலே போகலாம், அல்லது எதையாவது உளறலாம். இருமொழிப் படிவம் என்ற பெருமையோடு வெளியாகும் பக்கத்தில் தமிழ் மட்டும் காதுக்கு இல்லாமல் போவது இப்படித்தான். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று 2010இல் ஆணை பிறப்பித்தது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட அறிவுரைக் கோப்புகளும், காகிதத்தை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றிய அறிவிக்கைகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பழைய எழுத்துருவில் இருப்பது ஸ்கிரீன் ரீடருக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் கோவை. ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம்.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. அதன் 46ஆம் பிரிவு, அரசோ தனியாரோ, சேவை வழங்குவோர் அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் அவற்றின்படி சேவை தர வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009இலிருந்தே இருக்கின்றன. 2023இல் மூன்றாம் பதிப்பு வெளியானது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 17802 என்ற தரநிலையும் விதிகளில் சேர்ந்துவிட்டது. 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த நெறிகளை வெறும் பரிந்துரைகளாகக் கருத இடம் கொடுத்த 15ஆம் விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் அவகாசம் தந்தது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி வந்த பிரக்யா பிரசூன் வழக்கின் தீர்ப்பு இன்னும் நேராக நம் விஷயத்துக்கு வருகிறது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த மனுக்கள் அவை. வாடிக்கையாளரை அடையாளம் காணும் கேஒய்சி நடைமுறையில் ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று திரை கேட்டது. சிமிட்ட முடியாதவர் வங்கிக் கணக்கு தொடங்க முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஆர். மகாதேவனும் ஜே.பி. பர்திவாலாவும் அடங்கிய அமர்வு, இணைய வழி அணுகல் அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று கூறி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவற்றில் ஒன்று: நிதி நிறுவனங்கள் புதிய செயலியோ இணையதளமோ புதிய வசதியோ கொண்டுவரும்போது, பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருபதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான். காரணம், இதுவரை நாம் அளந்த விதமே கோளாறானது. அரசு இணையதளங்களின் தலைப்பகுதியைக் கவனித்திருப்பீர்கள்: எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான், சிறிதாக்க ஒன்று, நிறம் மாற்ற ஒன்று. சிலவற்றில் ‘ஸ்கிரீன் ரீடர் அணுகல்’ என்றொரு பக்கமும் உண்டு. எந்தெந்த ஸ்கிரீன் ரீடர் எங்கே கிடைக்கும் என்ற அட்டவணை அதில் இருக்கும். ஸ்கிரீன் ரீடர் இல்லாத பார்வையற்றவர் அந்த அட்டவணையைப் படிக்க முடியாது. இருப்பவருக்கு அது தேவையில்லை. யாருக்காக அந்தப் பக்கம் என்று யோசித்தால், தணிக்கைக்கு வருபவருக்காக என்றுதான் தோன்றுகிறது. தணிக்கையும் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாமல் திறக்கும் பக்கங்களோடு நின்றுவிடுகிறது. தானியங்கிக் கருவிகளை நம்புவதும் போதாது. பிரிட்டன் அரசின் இணையச் சேவைப் பிரிவு 2017இல் வேண்டுமென்றே 142 குறைகளோடு ஒரு பக்கத்தை உருவாக்கிப் பல கருவிகளை அதன்மீது ஓட்டிப் பார்த்தது. மிகச் சிறந்த கருவியால்கூடப் பாதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பெட்டிக்கு லேபிள் இருக்கிறதா என்று கருவி சொல்லும். ‘தாய் பெயர்’ பெட்டிக்குத் ‘தந்தை பெயர்’ என்ற லேபிள் ஒட்டியிருப்பதை அது சொல்லாது. பொத்தானை அழுத்தியதும் பயனர் எங்கே தொலைந்துபோகிறார் என்பதும் அதற்குத் தெரியாது.

ஆட்சேபங்களுக்கு வருவோம். இத்தனை பாடும் எத்தனை பேருக்காக என்பது முதல் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் இணையத்தில் விண்ணப்பிப்பவர்கள் குறைவுதானே என்று தொடரலாம். படிவத்துக்குள் நுழைய முடியாதவர்கள் சர்வரின் வருகைப் பதிவில் எப்படி இருப்பார்கள்? பூட்டிய கதவின் உள்ளே ஆளில்லை என்பதைக் காரணம் காட்டிப் பூட்டை நியாயப்படுத்தும் வாதம் இது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய 4 விழுக்காட்டில் பார்வையற்றோருக்கும் பார்வைக் குறைபாடு உள்ளோருக்கும் 1 விழுக்காடு என்று அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒருவருக்கென்று பணியிடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கான விண்ணப்பத்தை அவரால் நிரப்ப முடியாத விதத்தில் வெளியிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இ-சேவை மையம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பதில். மையங்கள் தேவைதான், இணையம் பழகாத பார்வையுள்ளவர்களும் அங்கே போகிறார்கள். ஆனால் வேண்டுமென்றால் போவதற்கும் வேறு வழியில்லாமல் போவதற்கும் வேறுபாடு உண்டு. வாக்குரிமையில் இதை நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல விதி இருந்தும், வாக்கு இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன; விரும்பியவர் தானே அழுத்தலாம். வாக்கில் ரகசியம் எதற்காகவோ அதற்காகத்தான் வருமான விவரத்திலும் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்திலும் அது வேண்டியிருக்கிறது. குடும்ப வன்முறை பற்றிப் புகார் கொடுக்க நினைக்கும் பார்வையற்ற பெண் அந்தப் படிவத்தை யாரிடம் கொடுத்து நிரப்பச் சொல்வார்? வீட்டில் உள்ளவரிடமா?

பாதுகாப்பு என்ற வாதத்துக்கு எடை அதிகம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தானியங்கி நிரல்கள் ஆயிரக்கணக்கில் படிவங்களை நிரப்பித் தள்ளுவது உண்மை. அவற்றைத் தடுக்கத்தான் கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டும் கேப்சா. ஆனால் இன்று அந்தக் காவல் யாரைத் தடுக்கிறது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேப்சாவை மனிதர்களைவிட நிரல்கள் வேகமாகவும் துல்லியமாகவும் விடுவிக்கின்றன. ஸ்கிரீன் ரீடர் பயனர்களிடம் வெப்எய்ம் நடத்தும் கருத்துக்கணிப்புகளில் அவர்களை மிகவும் அலைக்கழிக்கும் தடையாகக் கேப்சாதான் முதலிடத்தில் வருகிறது. திருடன் தாண்டிவிடுகிறான், வீட்டுக்காரர் வெளியே நிற்கிறார். நம் நீதித்துறை இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது: உச்ச நீதிமன்றத்தின் மின்குழு முயற்சியால் உயர் நீதிமன்ற இணையதளங்களில் படத்தோடு ஒலி அல்லது எழுத்து வடிவக் கேப்சாவும் வந்தது. ஒலியும் முழுத் தீர்வாகாது, பார்வையும் செவித்திறனும் இல்லாதவர்கள் அதிலும் விடுபடுவார்கள். ஓடிபி கொண்டு கைபேசி எண்ணை உறுதிசெய்வது, ஒரே முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளின் வேகத்தை சர்வரில் கட்டுப்படுத்துவது என்று பயனரைச் சோதிக்காத வழிகள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் வெளியான சர்வதேசத் தரநிலையின் 2.2 பதிப்பு, உள்நுழைவில் புதிர் விடுவிப்பதையோ மனப்பாடத்தையோ ஒரே வழியாக வைக்கக் கூடாது என்கிறது. கடவுச்சொல்லை ஒட்டவிடாமல் தடுத்து, திரையில் கலைத்துப்போட்ட விசைப்பலகையைச் சொடுக்கச் சொல்லும் வழக்கம் வங்கிகளில் இருக்கிறதே, அது இந்தக் கண்ணோட்டத்தில் எப்போதோ கைவிட்டிருக்க வேண்டியது.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கட்டி முடித்த படிவத்தைப் பிரித்துத் திருத்துவது செலவுதான். முதலிலேயே சரியாகக் கட்டுவது அப்படியில்லை. உலாவியோடு வரும் சாதாரணப் பெட்டியும் பட்டியலும் பொத்தானும் ஸ்கிரீன் ரீடரோடு ஏற்கெனவே பேசுகின்றன, அதற்குக் காசு கிடையாது. அவற்றை விட்டுவிட்டு, அழகுக்காகத் தனியாகச் செய்துவைக்கும் பட்டியல்களும் நாள்காட்டிகளும்தான் காசையும் விழுங்கிக் காதையும் அடைக்கின்றன. அந்த அலங்காரங்களுக்கு மேல் ஸ்கிரீன் ரீடருக்கென்று சிறப்புக் குறிகளைத் தூவிச் சரிக்கட்டுவோரும் உண்டு. ‘ஏரியா’ எனப்படும் அந்தக் குறிகள் உள்ள பக்கங்களில் சராசரியாகப் பிழைகள் அதிகம் என்று வெப்எய்மின் கணக்குகள் காட்டுகின்றன. குறிகளே பிழைக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. சிக்கலான பக்கங்களில்தான் அவை அதிகம் வருகின்றன. எளிமையாகக் கட்டுவதற்கு ஈடாக அவை ஆகவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், இணையதளம் தானாக இணக்கமாகிவிடும் என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. செயற்கை நுண்ணறிவால் எந்தத் தளத்தையும் தரநிலைக்குக் கொண்டுவந்துவிடுவதாக விளம்பரம் செய்த அக்செஸிபீ நிறுவனம், அந்த விளம்பரம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியது என்ற புகாரில் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என 2025இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் உத்தரவிட்டது. திரையைப் படம் பிடித்து விவரிக்கும் நுண்ணறிவுச் செயலிகள் பார்வையற்றவர்களுக்குப் பல இடங்களில் கைகொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை ஊகிக்கின்றன. உணவக மெனுவில் ஊகம் தவறினால் வேறு பலகாரம் வரும். கணக்கு எண்ணில் தவறினால் உதவித்தொகை வேறொருவருக்குப் போகும். ஆதாரும் வருமானமும் உள்ள திரையை மூன்றாம் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பித்தான் தன் விண்ணப்பத்தைத் தானே படிக்க வேண்டும் என்பதும் நியாயமில்லை.

நான் முன்வைக்கும் சோதனைக்கும் எல்லை உண்டு. கைதேர்ந்த ஒருவர் எப்படியோ முட்டிமோதிப் படிவத்தை முடித்துவிடலாம். அதை வைத்து எல்லாருக்கும் முடியும் என்று சொல்ல முடியாது. கையசைவு குறைந்தவர்கள், பார்வை மங்கியவர்கள் ஆகியோரின் தேவைகள் இதில் முழுதாகப் பிடிபடா. அதனால் தரநிலைப்படியான தணிக்கையும் பக்கத்திலேயே நடக்க வேண்டும். சோதிப்பவர்களில் விண்டோஸில் என்விடிஏ பயன்படுத்துபவர், மலிவு விலைக் கைபேசியில் டாக்பேக் பயன்படுத்துபவர், ஸ்கிரீன் ரீடருக்குப் புதியவர் என்று மூவகையினரும், தமிழில் மட்டும் கேட்பவர் ஒருவராவதும் இருக்க வேண்டும். அவர்களுக்கு முறையான ஊதியம் வேண்டும். பார்வையற்றவர்களை அழைத்து ஒரு மணி நேரம் சோதிக்கச் சொல்லி, சால்வை போர்த்தி அனுப்பும் கலாச்சாரம் நமக்குக் கைவந்த கலை. ஒப்பந்தப் புள்ளியில் மென்பொருள் சோதனைக்கு எவ்வளவு ஒதுக்குகிறோமோ அதிலிருந்து இந்தப் பணம் போக வேண்டும். படிவத்தில் மாற்றம் செய்யும்போதெல்லாம் சோதனை மறுபடி நடக்க வேண்டும். மார்ச்சில் தேறிய படிவத்தை ஏப்ரலில் புதிய தோற்றத்துக்கு மாற்றிக் கெடுப்பது இத்துறையில் வாடிக்கை.

உச்ச நீதிமன்றம் கேஒய்சிக்கு விதித்ததை எல்லாப் படிவங்களுக்கும் ஒரே நாளில் நீட்ட முடியாது என்று அதிகாரிகள் சொன்னால், அதில் உண்மை இருக்கிறது. எனவே கடைசித் தேதி உள்ள விண்ணப்பங்களில் தொடங்கலாம்: அரசுப் பணித் தேர்வுகள், கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை. சான்றிதழ் விண்ணப்பம் இன்று முடியாவிட்டால் அடுத்த வாரம் முடியும். தேர்வு விண்ணப்பத்தில் நழுவுவது ஓர் ஆண்டு, சிலருக்கு வயது வரம்பே தாண்டிவிடும். இவற்றை வெளியிடும் அமைப்புகள் அறிவிக்கையோடு சோதனைச் சான்றையும் வெளியிட வேண்டும்: எந்த ஸ்கிரீன் ரீடரில், எந்தத் தேதியில், முதல் கட்டத்திலிருந்து ஒப்புகைச் சீட்டு வரை எத்தனை பேர் தனியாக முடித்தார்கள் என்று. அந்தச் சான்று வெளியாகும் நாளிலிருந்துதான் விண்ணப்பிக்கும் கால அவகாசத்தை எண்ணத் தொடங்க வேண்டும். நடுவில் ஏதேனும் ஒரு கட்டம் பழுதாகி ஸ்கிரீன் ரீடர் பயனர்கள் உள்ளே போக முடியாமல் நின்றால், சர்வர் பழுதாகும்போது எல்லாருக்கும் தேதியை நீட்டிப்பதுபோலவே, பழுது நீங்கும்வரையிலான நாட்களைக் கடைசித் தேதியோடு சேர்த்துத் தர வேண்டும்.